லொசான் சாலை, எண் 154

ஜெனிவாவில் 15ஆம் எண் டிராம் ஏறினால் நாசியோன் சதுக்கத்தில் இறக்கிவிடும். இறங்குகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது 12 மீட்டர் உயர மர நாற்காலியை. அதற்கு மூன்று கால்தான் முழுசு. நாலாவது பாதியில் பிய்ந்து நிற்கிறது. கண்ணிவெடியில் கால் இழந்தவர்களுக்காக டானியல் பெர்சே 1997இல் செய்துவைத்த சிற்பம். என்னோடு இறங்கிய ஒரு மலையாளக் குடும்பம் அதன் அடியில் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டது. நான் பார்க்க வந்த இடங்களின் முன்னால் யாரும் படம் எடுத்துக்கொள்வதில்லை. நாடுகள் ஒன்றோடொன்று சரக்குக்கும் சுங்கவரிக்கும் பேரம் பேசிய அறைகள் அவை. முக்கால்வாசி அறைகளுக்குள் வெளியாள் போகவும் முடியாது.

ஆனாலும் வெளியிலிருந்தாவது பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு டங்கல் என்ற பெயர் நினைவிருக்கும். சுவரெழுத்தில், தெருமுனைக் கூட்டத்தில், செய்தித்தாளில் எங்கும் டங்கல் எதிர்ப்பு. அது ஆளா, ஊரா, புதுவகை உரமா என்று எங்கள் வகுப்பில் யாருக்கும் தெரியாது. ஆள்தான். ஆர்தர் டங்கல் என்ற சுவிஸ்காரர். 1980 முதல் 1993 வரை காட் (சுங்கவரி, வர்த்தகப் பொது ஒப்பந்தம்) அமைப்பின் தலைமை இயக்குநர். அவர் உட்கார்ந்திருந்த கட்டடம் இந்தச் சதுக்கத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஏரிக்கரையில் இருக்கிறது. அதற்கு முந்தைய கதை சதுக்கத்துக்கு எதிரே, ஐ.நா. மாளிகைக்குள்.

ஐ.நா. மாளிகையைச் சுற்றிப்பார்க்கப் பணம் கட்டினால் போதும், கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். பிரெய்னி வாசலில் பை, பெல்ட் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு விடுகிறார்கள். உள்ளே பெரிய பூங்கா. புல்வெளியில் மயில்கள் திரிகின்றன. இந்த நிலத்தை நகரத்துக்கு எழுதிவைத்த குஸ்தாவ் ரெவியோ என்ற செல்வந்தர் மயில்கள் சுதந்திரமாகத் திரிய வேண்டும் என்று நிபந்தனை வைத்ததாகச் சொல்கிறார்கள். வழிகாட்டிப் பெண் எங்களை மன்ற அறைக்கு அழைத்துப் போனார். சுவரும் கூரையும் முழுக்க ஹோசே மரியா செர்த் வரைந்த பொன்னும் பழுப்புமான ராட்சத உருவங்கள். ஆயுதக் குறைப்பு மாநாடு இங்கேதான் கூடுகிறது என்றார். காட் பிறந்த 1947 வர்த்தகப் பேச்சு எந்த அறைகளில் நடந்தது என்று கேட்டேன். தன் குறிப்பில் அது இல்லை என்று சிரித்துவிட்டு, பொதுச்சபை மண்டபத்துக்கு நடந்தார்.

குறிப்பில் இல்லாததில் ஆச்சரியமில்லை. மேடை, சொற்பொழிவு, கைதட்டல் எதுவும் அந்தப் பேச்சில் கிடையாது. 1947 ஏப்ரல் 10ஆம் தேதி தொடங்கி அக்டோபர் 30 வரை, இந்த மாளிகையின் சிறிய அறைகளில் இரண்டிரண்டு நாடுகளாக உட்கார்ந்து பேசினார்கள். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்களே, கிட்டத்தட்ட அப்படி. பக்கத்து அறையில் என்ன விலை போகிறது என்று இந்த அறைக்குத் தெரியாது. மொத்தம் 23 நாடுகள், 123 இருதரப்புப் பேச்சுகள், சுமார் 45,000 வரிச் சலுகைகள். உலக வர்த்தகத்தில் ஐந்தில் ஒரு பங்கை, அன்றைய மதிப்பில் 1,000 கோடி டாலர் சரக்கை, அந்த ஆறரை மாதம் தொட்டது.

யார் யாரோடு பேசலாம் என்பதற்கு ஒரு விதி இருந்தது. ஒரு நாட்டுக்குள் ஒரு சரக்கை அதிகமாக அனுப்புகிற நாடு எதுவோ, அதுதான் அந்தச் சரக்கின் வரியைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். குறைத்தால் அந்தக் குறைப்பு மற்ற உறுப்பு நாடுகளுக்கும் தானாகப் போய்ச் சேரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிலும் முதல் இடத்தில் இல்லாத நாடு, எதற்கும் வாய் திறக்க முடியாது; பெரியவர்கள் தங்களுக்கு வேண்டியதைப் பேசி முடித்த பிறகு சிதறுவதைப் பொறுக்கிக்கொள்ளலாம். எந்தச் சரக்கு மேசைக்கு வரும், எது வராது என்பதை அந்த ஒரு விதி பல பத்தாண்டுகளுக்குத் தீர்மானித்துவிட்டது.

இந்தியாவுக்குச் சணலும் தேயிலையும் இருந்தன. ஆனால் பேச்சு பாதியில் இருக்கும்போதே ஆகஸ்ட் 15 வந்தது. ஏப்ரலில் பிரிட்டிஷ் இந்தியாவாக உட்கார்ந்தவர்கள் அக்டோபரில் இரண்டு நாடுகளாகக் கையெழுத்திட வேண்டியிருந்தது. வங்கத்தின் சணல் வயல்களில் பெரும்பகுதி பாகிஸ்தானுக்குப் போக, ஆலைகள் இந்தியாவில் நின்றன. சுதந்திரம் வாங்காத இலங்கையும் பர்மாவும் அந்த 23இல் உண்டு. சுங்க நிர்வாகம் தனியாக இருந்தால் போதும், கொடி தனியாக இருக்க வேண்டியதில்லை என்பது அன்றைய கணக்கு. இலங்கை சுதந்திரம் பெற்றது அதற்கு மூன்று மாதம் கழித்து.

அந்த வருஷம் பேச்சு ஏறக்குறைய உடைந்தே போனது, கம்பளியால். ஆஸ்திரேலியா அமெரிக்காவுக்கு விற்பதில் பெரிய சரக்கு ஆட்டுக் கம்பளி. இங்கே பேச்சு நடந்துகொண்டிருக்க, அங்கே அமெரிக்க நாடாளுமன்றம் கம்பளி இறக்குமதிக்குக் கூடுதல் கட்டணம் போட வழிவைக்கும் மசோதாவை நிறைவேற்றியது. ஆஸ்திரேலியர்கள் கோப்பை மூடினார்கள். அமெரிக்கத் தரப்புத் தலைவர் வில் கிளேட்டன் வாஷிங்டனுக்குப் பறந்துபோய் ட்ரூமனிடம் மன்றாடினார். ஜூன் 26 அன்று ட்ரூமன் மசோதாவை ரத்துசெய்தார். அத்தோடு கம்பளி வரியில் 25% குறைக்கவும் ஒப்புக்கொண்டார். ஆட்டு மயிருக்காக ஒரு குடியரசுத் தலைவர் தன் நாடாளுமன்றத்தோடு மோதியிராவிட்டால் காட் என்ற ஒன்று பிறந்தே இருக்காது. வரலாற்றுப் புத்தகங்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடும். எனக்கு அந்த வருஷத்தின் மையமே இதுதான் என்று படுகிறது: ஒவ்வொரு பேச்சாளருக்கும் எதிரே உட்கார்ந்திருப்பவரைவிட முதுகுக்குப் பின்னால் ஊரில் இருப்பவர்கள்தான் கடினமான தரப்பு.

கையெழுத்தானது தற்காலிக ஒப்பந்தம். உண்மையான அமைப்பு ஹவானாவில் உருவாகப்போகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். 1948 மார்ச்சில் அங்கே 53 நாடுகள் சர்வதேச வர்த்தக அமைப்புக்கான சாசனத்தில் கையெழுத்திட்டன. வேலைவாய்ப்பு, விளைபொருள் விலை, முதலீடு எல்லாவற்றையும் பேசிய பெரிய சாசனம். அமெரிக்க நாடாளுமன்றம் அதை எடுக்கப்போவதில்லை என்று தெரிந்ததும் 1950இல் ட்ரூமன் கைவிட்டார். அமைப்பு செத்தது, தற்காலிகம் மட்டும் தங்கியது. 1948 ஜனவரி 1 முதல் 1994 முடிவு வரை உலக வர்த்தகம் அந்தத் தற்காலிக ஏற்பாட்டில்தான் ஓடியது. பிறக்காமலே போன அமைப்பின் 'இடைக்கால ஆணைய' ஊழியர்களாகத்தான் காட் அலுவலர்கள் காகிதத்தில் சம்பளம் வாங்கினார்கள். இந்தப் பூங்காவின் ஏரிப்பக்கச் சரிவில் உள்ள லெ பொக்காஜ் என்ற பழைய பங்களாதான் அவர்களுடைய அலுவலகம். வழிகாட்டி மரங்களுக்கிடையே கைநீட்டிக் காட்டினார். அந்தப் பக்கம் போக அனுமதியில்லை.

இலங்கையைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு நகர்கிறேன். காட்டில் கையெழுத்திட்ட அந்த நாடு, கொரியப் போர் காலத்தில் அரிசி விலை ஏறி ரப்பர் விலை விழுந்தபோது, இந்த அறைகளில் எதையும் தேடவில்லை. வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க நேராகப் பீக்கிங்குக்குப் போனார். 1952 டிசம்பரில் ரப்பருக்கு அரிசி என்று சீனாவோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தது. அமெரிக்கா கோபித்துக்கொண்டது. அன்றைய இலங்கை அரசு கம்யூனிஸ்ட் எதிர்ப்பில் ஊறிய அரசு என்பதை நினைத்தால், ரேஷன் அரிசி எத்தனை கொள்கைகளை ஓரம் தள்ளும் என்று புரிகிறது.

ஒருநாள் எல்லை தாண்டி பிரான்சின் அன்னசிக்கும் போய்வந்தேன். 1949இல் காட்டின் இரண்டாவது சுற்று நடந்த ஊர். பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஊர் முழுக்கக் கால்வாய், பாலம், ஜன்னலெல்லாம் பூத்தொட்டி, பாலாடைக்கட்டிக் கடை. கண்ணுக்கு எட்டியவரை காட் பற்றி ஒரு பலகை இல்லை. மூன்றாவது சுற்று இங்கிலாந்தின் டார்க்கீ என்ற கடற்கரை ஊரில் நடந்தது. அன்றைய பேச்சாளர்களுக்குத் தங்குமிடம் தேர்வு செய்யத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் மீண்டும் நாசியோன். சமாதான அவென்யூ வழியாக இறங்கி, ரயில் பாதையைக் கடந்தால் லொசான் சாலை. எண் 154இல் நிற்கிறது வில்லியம் ராப்பார் மையம், காட்டின் வாரிசான உலக வர்த்தக அமைப்பின் இன்றைய வீடு. முன்னால் சாலை, பின்னால் பூங்காவும் ஏரியும். வானம் தெளிந்திருந்தால் அக்கரையில் மோன் பிளான் தெரியும். அன்று தெரிந்தது. சுற்றிலும் வேலி, வாசலில் காவல். கூட்டத்துக்கு அழைப்பு இருந்தால்தான் உள்ளே போகலாம். நான் வேலியோரமாக நடந்து ஏரிப்பக்கம் போய், பெர்ல் து லாக் பூங்காப் பாதையிலிருந்து பார்த்தேன். மஞ்சள் படிந்த கல்லில், அலட்டாத பழைய கட்டடம்.

இது வர்த்தகத்துக்காகக் கட்டியதில்லை. 1926இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்காகக் கட்டி முடித்தது. ஜெனிவாவில் ஒரு சர்வதேச அமைப்புக்கென்றே எழுப்பிய முதல் கட்டடம். தொழிற்சங்கங்களும் அரசுகளும் ஓவியம், ஓட்டுச் சித்திரம் என்று அன்பளிப்பாகக் கொடுத்து உள்ளே நிறைத்தன. நாசரேத்துத் தச்சுப் பட்டறையில் இயேசு தொழிலாளர்களோடு இருப்பதுபோல் மொரிஸ் தெனி வரைந்த பெரிய ஓவியம் அதில் ஒன்று. தொழிலாளர் அமைப்பு மேட்டுக்குக் குடிபோக, 1977இல் காட் இங்கே வந்தது. வந்தவர்களுக்கு உழைப்பாளர் சித்திரங்கள் ஒத்துவரவில்லை. சிலவற்றைக் கழற்றினார்கள், சிலவற்றை மூடிவைத்தார்கள். முப்பது வருஷம் கழித்துத்தான் அவை மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. சரக்கைப் பற்றிப் பேசும் இடத்தில் அதைச் செய்தவரின் முகம் தெரிந்தால் பேரம் பேச நா எழாதோ என்னவோ.

திருப்பூரில் என் மாமா ஒருவர் பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கோட்டா வேலை பார்த்தவர். கோட்டா என்றால் இன்றைய பையன்களுக்குத் தெரியாது. அமெரிக்காவுக்குப் பின்னலாடை சட்டை அனுப்ப வேண்டுமென்றால், கேட்டகரி 338, 339 என்று எண்ணிட்ட வகையில் இந்தியாவுக்கு வருஷத்துக்கு இத்தனை டஜன்தான் என்று வரம்பு. அந்த வரம்பைப் போன வருஷம் அனுப்பிய கணக்கை வைத்து ஏற்றுமதி வளர்ச்சிக் கழகம் நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். பங்கு கிடைத்தவர்கள் தைக்காமலே அதை விற்றுப் பிழைத்ததும் உண்டு. கிளம்பும் முன் மாமாவிடம் சொன்னபோது, "அங்க போனீன்னா அந்தக் கோட்டாவ எந்த ரூம்புல உக்காந்து போட்டாங்கன்னு பாத்துட்டு வா கண்ணு" என்றார். கிண்டல்தான். ஆனால் கேள்வி சரியான கேள்வி.

கோட்டா அமெரிக்காவின் யோசனை. 1961இல் கென்னடி அரசு தன் தென்மாநில நூற்பாலைகளைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. பருத்தித் துணிக்கு ஓராண்டுக் 'குறுகிய கால ஏற்பாடு' என்று ஜெனிவாவில் ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷம் 'நீண்ட கால ஏற்பாடு' ஆயிற்று. 1974இல் செயற்கை இழை, கம்பளி எல்லாவற்றையும் சேர்த்துப் பல்லிழை ஒப்பந்தம். எந்த நாட்டுக்கும் பாரபட்சம் கூடாது என்பது காட்டின் முதல் விதி. துணிக்கு மட்டும் அந்த விதியை அதே காட் கூரையின் கீழ் முப்பது வருஷத்துக்கு மேல் கழற்றிவைத்தார்கள், ஏழை நாடுகள் நன்றாகச் செய்ய வந்த ஒரே தொழிலுக்கு. மாமாவின் அறை இந்தக் கட்டடத்தில் இல்லை. 1977க்கு முன் எல்லாம் மேலே பூங்காப் பக்கம்தான். இங்கே வந்தபிறகு அதை நீட்டித்துக்கொண்டே இருந்தார்கள், அவ்வளவுதான்.

கோட்டா ஒழிந்ததும் பேரத்தில்தான். காட்டின் உருகுவே சுற்றில் வளரும் நாடுகள் மருந்துக் காப்புரிமைக்கும் சேவைத் துறைக்கும் தலையாட்டியதற்குக் கைமாறாகக் கிடைத்தவற்றில் கோட்டா ஒழிப்பு முக்கியமானது. கொடுத்ததிலும் சூது இருந்தது. பத்து வருஷத்தில் ஒழிப்போம்: 1995இல் 16%, 1998இல் 17%, 2002இல் 18%, மீதி 49% கடைசி நாளில். எந்தச் சரக்கை எப்போது விடுவிப்பது என்று இறக்குமதி செய்யும் நாடே தேர்ந்துகொள்ளலாம். அவர்கள் கோட்டாவே இல்லாத சரக்குகளை முதல் கட்டங்களில் கணக்குக் காட்டினார்கள். திருப்பூருக்கு உறைத்த வகைகள் 2005 ஜனவரி 1 வரை காத்திருந்தன.

உருகுவே சுற்று 1986 செப்டம்பரில் புந்தா தெல் எஸ்தேயில் தொடங்கியபோது இந்தியாவும் பிரேசிலும் சேவைத் துறையை உள்ளே விடமாட்டோம் என்று நின்றன. 1989 ஏப்ரலில் இதே ஜெனிவாவில் அறிவுசார் சொத்து விஷயத்தில் இந்தியா இறங்கிவந்தது. 1990 டிசம்பரில் பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய விவசாய மானியத்தில் பேச்சு உடைந்தது. ஒரு வருஷம் கழித்து, 1991 டிசம்பர் 20 அன்று, உடன்பாடு வராத இடங்களைத் தானே நிரப்பி, முழு வரைவாக மேசையில் வைத்தார் டங்கல். நம் ஊர்ச் சுவர்களில் எதிர்த்து எழுதியது அந்தக் காகிதக் கட்டைத்தான். சுவரெழுத்துக்காரர்கள் ஒன்றைச் சரியாகப் பிடித்திருந்தார்கள்: முழுசாக எடுத்துக்கொள், இல்லை முழுசாக விடு என்று அந்த வரைவு வந்தது. விதை காப்புரிமை வேண்டாம், துணி மட்டும் போதும் என்று பொறுக்க வழியில்லை. 1993 டிசம்பர் 15இல் அடுத்த தலைமை இயக்குநர் பீட்டர் சதர்லாண்ட் சுத்தியலைத் தட்டினார். 1994 ஏப்ரல் 15இல் மராக்கேஷில் இந்தியாவுக்காகப் பிரணாப் முகர்ஜி கையெழுத்திட்டார். நாடுகளின் வரி அட்டவணைகளோடு சேர்ந்து மொத்தம் 26,000 பக்கம் என்பார்கள்.

இந்தக் கட்டடத்தில் வெளியே தெரியாத ஒரு அறைதான் புகழ்பெற்றது: பச்சை அறை. தலைமை இயக்குநரின் அலுவலகத்தை ஒட்டிய கூட்ட அறை. 160க்கும் மேற்பட்ட உறுப்பினர்களில் முப்பது நாற்பது பேரை மட்டும் அதற்குள் கூப்பிட்டுப் பேசுவார்கள். உள்ளே முடிவானது வெளியே ஒருமனதான தீர்மானமாக வரும். வாக்கெடுப்பு நடத்துவதில்லை, யாரும் எதிர்க்காவிட்டால் சம்மதம். உடன்பாடு ஆகாத வாசகங்களைச் சதுர அடைப்புக்குள் போடுவார்கள். பேச்சு முன்னேறுகிறது என்றால் அடைப்புகள் குறைகின்றன என்று பொருள். அழைக்கப்படாத தூதர்கள் தாழ்வாரத்தில், காப்பிக் கடையில், விடியும்வரை காத்திருப்பார்கள். ஊடகக்காரர்கள் இந்தக் காத்திருப்பைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், பெரும்பாலும் அலுப்போடு.

யாரும் எதிர்க்காவிட்டால் சம்மதம் என்றால், ஒருவர் எதிர்த்தால் என்ன ஆகும்? 2001 நவம்பரில் தோஹாவில் இந்தியாவின் வர்த்தக அமைச்சர் முரசொலி மாறன் அதைச் சோதித்துப் பார்த்தார். முதலீடு, போட்டிச் சட்டம், அரசுக் கொள்முதலில் வெளிப்படைத்தன்மை, சுங்க நடைமுறை எளிமை ஆகிய நான்கையும் பேச்சுக்குள் கொண்டுவர ஐரோப்பா பிடிவாதமாக இருந்தது. செப்டம்பர் 11 முடிந்து இரண்டு மாதம்; உலகம் ஒற்றுமையைக் காட்ட வேண்டும் என்ற நெருக்கடி எல்லார் கழுத்திலும். ஆதரவாக நின்ற நாடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மாநாடு குறித்த நாளைத் தாண்டி மறுநாளைக்குப் போயிற்று. மாறன் அசையவில்லை. கடைசியில் மாநாட்டுத் தலைவரான கத்தார் அமைச்சர் யூசுப் கமால் ஒரு விளக்கம் வாசித்தார்: இந்த நான்கிலும் பேச்சு தொடங்க உறுப்பு நாடுகளின் வெளிப்படையான ஒருமித்த சம்மதம் வேண்டும். தீர்மானத்தில் இல்லை, தலைவர் வாயால் சொன்ன விளக்கம் மட்டும். சட்டப்படி அதற்கு என்ன எடை என்று நிபுணர்கள் அன்றே இழுத்தார்கள். ஆனால் கன்கூனில் 2003இல் மாநாடு உடைந்தபோதும், அடுத்த வருஷம் ஜெனிவாவில் இதே கட்டடத்தில் பேச்சை ஒட்டவைத்தபோதும், அந்த விளக்கத்தை யாராலும் தாண்டிப்போக முடியவில்லை. நான்கில் மூன்று கைவிடப்பட்டன. மாறன் அதைப் பார்க்க இருக்கவில்லை. 2003 நவம்பரில் காலமானார். பேரத்தைப் பேரமாகவே நடத்திய அரசியல்வாதிகளில் அவருக்கு நான் தனி இடம் கொடுப்பேன்.

மறுக்கத் தெரிந்த நாடு என்ற பெயர் அதிலிருந்து இந்தியாவுக்கு ஒட்டிக்கொண்டது. 2008 ஜூலையில் இதே லொசான் சாலையில் ஒன்பது நாள் பேச்சு, ஜூலை 29இல் உடைந்தது. இறக்குமதி திடீரெனக் குவிந்தால் விவசாயியைக் காக்க வரியை ஏற்றலாம் என்ற பாதுகாப்பு ஏற்பாடு. அதை எப்போது எடுக்கலாம் என்பதில் தகராறு. தலைமை இயக்குநர் பாஸ்கல் லாமியின் வரைவு, இறக்குமதி 40% கூடிய பிறகு என்றது. அவ்வளவு குவிந்த பிறகு காப்பாற்ற யார் இருப்பார்கள் என்பது இந்திய வர்த்தக அமைச்சர் கமல் நாத்தின் வாதம். அமெரிக்கா இறங்கவில்லை. உலகப் பத்திரிகைகள் இந்தியாவைத்தான் திட்டின.

மறுப்பதால் தடுக்க முடியும். நமக்கு வேண்டியதை எழுதவைக்க முடியுமா என்பது வேறு கேள்வி. அதற்கு நம் நெல்லே சாட்சி. டெல்டாவில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் அரசு ஆதார விலை கொடுத்து வாங்குகிறது. உலக வர்த்தக அமைப்பின் கணக்கில் அந்த விலை எவ்வளவு மானியம் என்று பார்க்க, சந்தை விலையோடு ஒப்பிட வேண்டும். எந்த ஆண்டின் சந்தை விலை? 1986-88. உருகுவே சுற்றில் அன்று எழுதிவைத்த அடிப்படை ஆண்டுகள் இன்றுவரை மாறவில்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேற்பட்ட பழைய விலையோடு இன்றைய ஆதார விலையை ஒப்பிட்டால் நடுவில் ஏறிய பணவீக்கம் முழுவதும் மானியமாகத்தான் தெரியும். உற்பத்தி மதிப்பில் 10% என்ற வரம்பை 2018-19இல் அரிசியில் தாண்டிவிட்டதாக இந்தியாவே அறிவிக்க வேண்டிவந்தது. 2013இல் பாலி மாநாட்டில் அன்றைய வர்த்தக அமைச்சர் ஆனந்த் சர்மா பிடிவாதம் பிடித்து வாங்கிய இடைக்காலப் பாதுகாப்புதான் வழக்கு வராமல் காக்கிறது. நிரந்தரத் தீர்வு 2017க்குள் என்று அன்று சொன்னார்கள். இங்கே இடைக்காலம் என்றால் எத்தனை காலம் என்பதற்கு 1948ஐப் பார்த்தால் போதும்.

அந்த ஆண்டுகளை எழுதும்போது பணவீக்கத்துக்கேற்ப விலையைத் தானாகத் திருத்தும் ஒரு வாசகம் சேர்த்திருந்தால் இவ்வளவு பாடில்லை. இந்த வீதியில் நடக்க நடக்க எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது இதுதான்: மேடையில் கொடுக்கும் பேட்டியைவிட, வரைவு எழுதுகிற இரவில் விழித்திருக்கும் கீழ்நிலை அதிகாரிகளின் எண்ணிக்கை பெரிது. பெரிய நாடுகள் ஜெனிவாவில் அப்படிப்பட்ட அதிகாரிகளைக் கூட்டமாக வைத்திருக்கின்றன. எத்தனையோ சிறிய நாடுகளுக்கு இங்கே தூதரகமே கிடையாது.

இப்போது லொசான் சாலையில் ஆரவாரம் குறைவு. உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு மன்றத்துக்கு உறுப்பினர் நியமிக்க அமெரிக்கா மறுத்ததால் 2019 டிசம்பரிலிருந்து அது செயலிழந்து கிடக்கிறது. பேரம் இரண்டு பேருக்கிடையே திரும்பிப் போய்விட்டது. அதில் ஒன்றின் முகவரியும் ஜெனிவாதான். நாசியோன் சதுக்கத்திலிருந்து சில நிமிடத்தில் வாரெம்பே சாலை. அங்கே சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் நான்கும் சேர்ந்த எஃப்டா கூட்டமைப்பின் தலைமையகம், சாதாரண அலுவலகக் கட்டடத்தில். இந்தியாவோடு 2008 ஜனவரியில் பேச ஆரம்பித்தார்கள். நடுவில் நின்றது, மறுபடி ஓடியது, மறுபடி நின்றது. 2024 மார்ச் 10 அன்று டெல்லியில் கையெழுத்து. 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறை.

அந்த ஒப்பந்தத்தில் எனக்குப் பிடித்த இடம், ஜனவரி 2024. கையெழுத்துக்கு இரண்டு மாதம் முன்பு சுவிட்சர்லாந்து தொழில் பொருள்களுக்கான இறக்குமதி வரியை உலகத்துக்கே ரத்து செய்துவிட்டது. திருப்பூர் பனியனுக்கு இந்தியா கேட்டு வாங்கிய சலுகை பங்களாதேஷுக்கும் சீனாவுக்கும் கேட்காமலே கிடைத்துவிட்டது. மறுபுறம், சுவிஸ் சரக்கில் நமக்கு மிகப் பெரியது தங்கம். அதில் இந்தியா எழுத்தில் உச்சவரம்பை ஒரு சதவீதம் குறைத்தது, வாங்குகிறவர் கட்டும் வரியில் மாற்றமில்லை. கடிகாரத்துக்கும் சாக்லெட்டுக்கும் வரி படிப்படியாக இறங்கும். இதற்கெல்லாம் ஈடாக இந்தியா எழுதவைத்தது, அதுவரை எந்த ஒப்பந்தத்திலும் காணாத ஒன்று: 15 ஆண்டுகளில் 10,000 கோடி டாலர் முதலீடு, 10 லட்சம் வேலை. வராவிட்டால், ஆலோசனைப் படிகளும் அவகாசமும் முடிந்த பிறகு, இந்தியா தன் சலுகைகளைத் திரும்பப் பெறலாம். முதலீடு செய்வது தனியார் நிறுவனங்கள். வாக்குக் கொடுத்தது அரசுகள். எப்படி வசூலிப்பார்கள் என்று பார்க்க ஆவல்தான். ஆனாலும் வரைவில் நாம் சொன்ன வாசகம் ஒன்று ஏறியிருக்கிறது.

கோர்னவான் ரயில் நிலையத்தருகே ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் கடையில் மிளகாய்த்தூளும் அப்பளமும் வாங்கப் போனேன். எங்கே போய்வருகிறேன் என்று கேட்டார். எஃப்டா கதையைச் சொன்னேன். ஒரு பேரம் படியப் பதினாறு வருஷம் என்றதும் அவர் கல்லாவிலிருந்து தலை நிமிர்ந்தார்.

"என்ர அகதிக் கேஸுக்கே இவங்கள் பன்னிரண்டு வருஷம் எடுத்தவங்கள், அண்ணை. நான் ஒரு ஆள். நாலு நாடு எண்டால் பதினாறு கெதிதான்."